மூன்று நாள் கெடாத கடிதம்: நண்பருக்குக் கையால் எழுத ஒரு முழு வழிகாட்டி

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு தகர டிரங்குப் பெட்டி இருக்கிறது. அதில் என் சிநேகிதன் எழுதிய கடிதங்கள் முன்னூறுக்கு மேல் இருக்கும். அவன் கம்மவான்பேட்டைக்காரன். வேலூரை அடுத்த கணியம்பாடிப் பக்கத்து ஊர். பட்டாளத்துக்கு ஆள் அனுப்பி அனுப்பியே ராணுவப்பேட்டை என்று பெயர் வாங்கிய ஊர். அவனும் 1987-இல் போனான். அவன் முகவரியில் ஊர்ப் பெயரே கிடையாது. எண், பெயர், யூனிட், 'மார்பத் 56 ஏ.பி.ஓ.' அவ்வளவுதான். ஏ.பி.ஓ. என்றால் ராணுவத் தபால் ஆபீஸ். பனிமலையில் இருக்கிறானா, மணல்காட்டில் இருக்கிறானா என்று தெரியாமலே வருஷக்கணக்கில் எழுதினேன். அவன் எழுதும் கடிதத்தில் வெயில், குளிர் பற்றி ஏதாவது வந்தால் அதை வைத்து நானே ஊகித்துக்கொள்வேன்.

இப்போது அவன் ஓய்வு பெற்றுப் பூனாவில் மகனோடு இருக்கிறான். நான் வேலூர் சத்துவாச்சாரியில். இரண்டு பேர் கையிலும் போன் இருக்கிறது, வாரம் ஒருமுறை பேசுகிறோம். ஆனாலும் மாதம் ஒரு கடிதம் நிற்கவில்லை.

போன மாதம் பக்கத்து வீட்டுப் பெண், காலேஜில் படிக்கிறவள், "அங்கிள், ஹாஸ்டல் ஃபிரெண்டுக்கு ஒரு லெட்டர் எழுதணும். எப்படி ஆரம்பிக்கிறது, ஸ்டாம்ப் எங்க ஒட்டறது, ஒண்ணும் தெரியலை" என்று வந்து நின்றாள். அவளுக்குத் திண்ணையில் உட்கார்ந்து சொன்னதை விரிவாக எழுதினால் என்ன என்று தோன்றியது. இது அதுதான்.

முதலில் ஒரே ஒரு விஷயம்

வழிமுறைக்குப் போவதற்கு முன்னால் இதைச் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

கடிதம் என்பது கட்டுச்சோறு மாதிரி. வெளியூர் போகிறவர்களுக்கு ரசஞ்சாதம் கட்டிக்கொடுக்க மாட்டோம். புளிச்சோறு கட்டுவோம். போய்ச் சேரும்வரை கெடாமல் இருக்க வேண்டும், முடிந்தால் ஊறி இன்னும் ருசியாக வேண்டும். கடிதமும் அப்படி. நீங்கள் எழுதும் விஷயம் மூன்று நாள், சில சமயம் ஒரு வாரம் பையிலும் ரயிலிலும் கிடந்து போய்ச் சேரும். சேர்ந்தபோது பழசாகிவிடும் விஷயம் கடிதத்துக்கு ஆகாது. 'இன்று எனக்குக் காய்ச்சல்' என்று எழுதினால், அவர் படிக்கும்போது உங்களுக்குக் காய்ச்சல் விட்டு நீங்கள் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள். அவர் மட்டும் அங்கே கவலைப்படுவார். செய்திக்குப் போன் இருக்கிறது. கெடாததைத்தான் தாளில் எழுத வேண்டும்.

எது கெடாது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. அதற்குக் கொஞ்சம் உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருக்கிறது. அந்த யோசனை முழுவதும் ஒரே ஒரு ஆளைப் பற்றியது. கடிதத்தின் மதிப்பே அதில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். நாற்பது பேர் குழுவில் போடும் செய்தியை யாரும் ஒரு ஆளுக்காக யோசித்து எழுதுவதில்லை. படிக்கிறவனுக்கும் அது தெரியும்.

யாருக்கு எழுதுவது

எல்லாருக்கும் எழுதக் கிளம்பாதீர்கள். ஒருவர் போதும், இரண்டு பேர் அதிகபட்சம். ரொம்ப நாளாகத் தொடர்பு விட்டுப்போன பள்ளிக்கூட நண்பருக்கு எழுதலாமா என்றால், எழுதலாம். ஆனால் முதல் கடிதத்தைச் சிறிதாக வையுங்கள். இருபது வருஷக் கதையைப் பத்துப் பக்கத்துக்கு எழுதி அனுப்பினால், அவர் பதிலுக்குப் பத்துப் பக்கம் எழுத வேண்டுமே என்று மலைத்து, நாளைக்கு நாளைக்கு என்று தள்ளி, கடைசியில் எழுதவே மாட்டார். அப்படி ஒருவரை நான் இழந்திருக்கிறேன்.

முகவரியைப் போனில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஆச்சரியமாக அனுப்ப வேண்டும் என்று பழைய முகவரிக்கு அனுப்பிவிட்டுக் காத்திருப்பதில் அர்த்தமில்லை.

தாளும் பேனாவும்

வீட்டில் இருக்கும் எந்தத் தாளும் சரி. நோட்டிலிருந்து கிழித்தால் ஓரத்தைக் கத்தரியால் நேராக வெட்டுங்கள், அந்த மரியாதை போதும். ஆனால் எடையைக் கவனிக்க வேண்டும். 70 ஜிஎஸ்எம் ஏ-4 தாள் ஒன்று சுமார் நாலரை கிராம் இருக்கும். சாதாரணக் கவர் நான்கைந்து கிராம். ஆக, மூன்று தாள் வைத்தால் 20 கிராமுக்குள் முடியும். அந்த 20 கிராம் வரைக்கும்தான் 5 ரூபாய் ஸ்டாம்ப். நான் ஒரு தடவை உற்சாகத்தில் ஆறு தாள் எழுதி 5 ரூபாய் ஸ்டாம்பை ஒட்டிப் பெட்டியில் போட்டுவிட்டேன். குறைந்த தொகைக்கு இரண்டு மடங்கு, வாங்குகிறவர் கட்ட வேண்டும். பேரிங் தபால் என்பார்கள். அவன் பதிலில் முதல் வரியே, "உன் கடிதம் நல்லா இருந்தது, ஆனா நான் அதைக் காசு கொடுத்து வாங்கினேன்" என்று இருந்தது.

இன்லேண்டு லெட்டர் இன்னும் கிடைக்கிறது, 2 ரூபாய் 50 காசு. நான் புதிதாக எழுதுகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். இடம் அளவானது, அதனால் பயமில்லை. மடித்து ஒட்டினால் அதுவே கவர். ஒரே விதி, உள்ளே போட்டோ, பூ, பணம் எதுவும் வைக்கக் கூடாது. போஸ்ட் கார்டு 50 காசு. 1879-இல் இந்தியாவில் கார்டு வந்தது. அன்றிலிருந்து அதில் எழுதியதைத் தெருவே படிக்கலாம், அதனால் ரகசியம் உள்ளவர்கள் தவிர்க்கவும். நண்பர்களுக்குள் ஒரு கிண்டல், ஒரு 'ஞாபகம் வந்தது' இதற்கெல்லாம் கார்டைப் போல ஒன்று கிடையாது.

பேனா விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. இங்க் பேனாவில் எழுதினால் எழுத்து அழகாக வரும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சாதாரண நீல மை தண்ணீர் பட்டால் ஓடிவிடும். ஐப்பசி மழையில் தபால் நனையாமல் வரும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஜெல் பேனாவும் பெரும்பாலும் அப்படித்தான், கை பட்டாலே இழுகும். பால்பாயிண்ட் பேனாவின் மை எண்ணெய்ப் பிசுக்கு உள்ளது, நனைந்தாலும் நிற்கும். உள்ளே எதில் வேண்டுமானாலும் எழுதுங்கள், முகவரியை மட்டும் பால்பாயிண்டில் எழுதுங்கள். இங்க் பேனாவைச் சட்டைப் பையில் பாதி மையோடு வைத்துக்கொண்டு சித்திரை வெயிலில் பஸ்ஸில் போகாதீர்கள். உள்ளே இருக்கும் காற்று சூட்டில் விரிந்து மையைத் தள்ளும். என் வெள்ளைச் சட்டை இரண்டு அப்படிப் போயிருக்கின்றன.

நம் ஊர் வெயிலுக்கு இன்னொன்று: எழுதும்போது மணிக்கட்டுக்குக் கீழே ஒரு துண்டுத் தாளை மடித்து வைத்துக்கொள்ளுங்கள். வேர்வை பட்ட இடத்தில் எந்தப் பேனாவும் எழுதாது. ஃபேன் காற்றுக்குத் தாளின் மேல் பாக்குவெட்டியை வைத்துவிடுவேன்.

கையெழுத்து மோசமாக இருந்தால் பரவாயில்லை. வரிக்கு வரி இடம் விட்டு எழுதுங்கள். தமிழ் எழுதியே பல வருஷம் ஆகிவிட்டது, ற-வா ர-வா என்று தடுமாறுகிறது என்கிறவர்கள், தினம் செய்தித்தாளில் ஒரு பத்தியைப் பார்த்து எழுதுங்கள். நாலு நாளில் கை திரும்பிவிடும். பிழை வந்தால் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதலாம். ஒயிட்னர் வேண்டாம். அடித்ததைப் பார்க்கும்போது எழுதியவன் எங்கே யோசித்தான் என்று தெரியும், அது எனக்குப் பிடிக்கும்.

சேர்த்து வைப்பது

எழுத உட்கார்ந்ததும் ஒன்றும் தோன்றாது. இது எல்லாருக்கும் நடப்பது. அதற்கு நான் செய்யும் உபாயம், தினசரி காலண்டர். காலையில் கிழிக்கும் தாளைக் குப்பையில் போடாமல், அதன் பின்பக்கம் ஒரு வரி எழுதி மேசை டிராயரில் போட்டுவிடுவேன். 'பழைய பஸ் ஸ்டாண்டில் அதே இடத்தில் அதே ஆள் கொய்யா விற்கிறார், தலை நரைத்துவிட்டது.' 'இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க்குப் புவிசார் குறியீடு கொடுத்துவிட்டார்களாம், உங்கம்மா வைக்கும் காரக்குழம்புக்கு எப்போதோ கொடுத்திருக்க வேண்டும்.' இப்படி. எல்லாத் தாளிலும் எழுத மாட்டேன். மாதத்தில் ஏழெட்டு சேரும். எழுத உட்காரும்போது அவற்றைப் பரப்பிப் பார்த்தால் பாதி செத்துப்போயிருக்கும். மீதி பாதி உயிரோடு இருக்கும். அதுதான் கடிதம்.

தொடங்குவது

தாளின் தலைப்பில் அவரவர் வழக்கம். பிள்ளையார் சுழி போடுகிறவர்கள் போடலாம். ஆம்பூர், மேல்விஷாரம் பக்கத்து முஸ்லிம் நண்பர்கள் 786 என்று எழுதித் தொடங்குவார்கள். எதுவும் போடாமல் நேரே தொடங்குகிறவனும் உண்டு, நான் அந்த வகை. வலது மேல் மூலையில் ஊரும் தேதியும் கட்டாயம். வருஷத்தையும் எழுதுங்கள். முப்பது வருஷம் கழித்து ஒரு கடிதத்தை எடுத்து 'ஜூன் 12' என்று மட்டும் இருந்தால் எந்த ஜூன் என்று தெரியாமல் தலையைச் சொறிய வேண்டிவரும்.

அப்புறம் விளிப்பது. இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். நேரில் 'இன்னாடா, எப்டி கீற' என்று கூப்பிடுகிறவன், கடிதத்தில் 'அன்புமிக்க நண்பர் அவர்களுக்கு, தாங்கள் நலமா' என்று எழுதுவான். பேனாவைப் பிடித்ததும் எங்கிருந்தோ ஒரு தலைமையாசிரியர் உள்ளே புகுந்துவிடுகிறார். நேரில் எப்படிக் கூப்பிடுவீர்களோ அப்படியே கூப்பிடுங்கள். வயதில் மூத்த நண்பர் என்றால் அண்ணே, அக்கா, சார் என்று எப்போதும் சொல்வது எதுவோ அது. புதுப்பழக்கம் என்றால் 'அன்புள்ள' போட்டுப் பெயர் எழுதினால் போதும்.

'நலம், நலமறிய ஆவல்' வேண்டுமா? நான் அதைக் கேலி செய்ய மாட்டேன். கோயிலுக்குள் நுழையும்போது படியைத் தொட்டுக் கும்பிடுகிற மாதிரி ஒரு பழக்கம் அது. ஒரு வரி எழுதிவிட்டு உள்ளே போய்விடுங்கள். அதையே முக்கால் பக்கத்துக்கு இழுத்து, 'இங்கு அனைவரும் நலம், அங்கு அனைவரும் நலமாக இருக்க' என்று போனால் உங்கள் நண்பர் வரி வரியாகத் தாண்டிக்கொண்டு வருவார்.

உள்ளே என்ன எழுதுவது

இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன்.

அவன் பூனாவுக்குப் போன நாளிலிருந்து, அதற்கு முன்னால் பட்டாளத்திலிருந்தும், கடிதத்துக்குக் கடிதம் ஒரு கேள்வி கேட்பான்: "பாலாத்துல தண்ணி போவுதா?" கேலிதான். நீரில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை என்று வேலூரைச் சொல்வார்களே, அந்தக் கேலி. நானும் வருஷத்துக்கு வருஷம் 'மணல்தான் போகிறது' என்று எழுதுவேன்.

2021 நவம்பரில் பாலாறு கரை புரண்டு ஓடியது. அவன் டிவியில் பார்த்துவிட்டான். நான்கு பேர் அவனுக்கு வீடியோ அனுப்பிவிட்டார்கள். போனில் நானும் சொல்லிவிட்டேன். அப்படியானால் கடிதத்தில் எழுத என்ன மிச்சம்? தண்ணீர் எவ்வளவு வந்தது, எந்தத் தரைப்பாலம் முழுகியது என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். நான் எழுதியது இதைத்தான்:

"காட்பாடி போற பாலத்து மேல நிக்க இடமில்லடா. ஒரு அம்மா முந்தானையில முடிஞ்சி வெச்சிருந்த மஞ்சளை அவுத்துத் தண்ணியில தூவினாங்க. ஒருத்தர் டூ வீலரை ஸ்டாண்டு போட்டுட்டு, செருப்பைக் கழட்டி வெச்சிட்டுக் கும்பிட்டார். முப்பது வருஷமா அந்தப் பாலத்துல போறேன், யாரும் செருப்பைக் கழட்டி நான் பாத்ததில்லை. உன் ஞாபகம் வந்துச்சு. நீ கேட்ட கேள்விக்கு இந்தத் தடவை வேற பதில்."

அவன் அதற்கு எழுதிய பதில் என் பெட்டியில் இருக்கிறது. அதை இங்கே எழுதப் போவதில்லை.

இதிலிருந்து மூன்று விஷயம் எடுத்துக்கொள்ளலாம். ஒன்று, உங்கள் கண் பார்த்தது மட்டும். கேமரா பார்த்தது வேண்டாம். இரண்டு, அது ஏன் இவருக்கு என்பது அந்த வரியிலேயே தெரிய வேண்டும். செருப்பைக் கழற்றியவரை நான் யாருக்கு வேண்டுமானாலும் சொல்லலாம். ஆனால் முப்பது வருஷமாக அதே கேள்வியைக் கேட்டவனுக்குச் சொல்லும்போது அதன் கனமே வேறு. மூன்று, பெரிய விஷயத்தைப் பெரிதாக எழுதாதீர்கள். வேலூர் என்றதும் கோட்டை, 1806 சிப்பாய்ப் புரட்சி, ஜலகண்டேசுவரர் கோயில் என்று எழுத ஆரம்பித்தால் சுற்றுலாக் கையேடு ஆகிவிடும். கோட்டை அகழி ஓரம் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றபோது பக்கத்துப் பெஞ்சில் இரண்டு கிழவர்கள் எதற்காகச் சண்டை போட்டார்கள் என்று எழுதுங்கள்.

வட்டார வழக்கில் எழுதலாமா என்று அந்தப் பெண் கேட்டாள். கட்டாயம் எழுதலாம். ஆனால் முழுக்க எழுதினால் படிக்கச் சிரமம். ஒருவர் பேசியதைச் சொல்லும்போது அப்படியே எழுதுங்கள். மற்ற இடத்தில் உங்கள் கை எப்படிப் போகிறதோ அப்படி. குடியாத்தத்தில் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா பார்க்கப் போய் வந்ததைத் தன் தோழிக்கு எழுதினாள் என் தங்கை; கூட்டத்தில் யாரோ கத்திய "ஓரம் குடுங்கோ"வை மட்டும் அப்படியே எழுதியிருந்தாள். அந்தத் தோழி அந்த இரண்டு சொல்லைப் படித்து அழுதுவிட்டதாகப் போனில் சொன்னாள். அவள் ஊரைவிட்டுப் போய் எத்தனையோ வருஷம் ஆகிறது.

தன் கவலையை எழுதலாமா என்றால், எழுதலாம், நண்பர் அதற்குத்தான். ஆனால் கடிதம் முழுவதும் புலம்பலாக இருந்தால் தூரத்தில் இருப்பவருக்கு ஒன்றும் செய்ய முடியாத தவிப்புதான் மிஞ்சும். கவலையைச் சொல்லிவிட்டு, அதற்கு நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்று ஒரு வரியாவது எழுதுங்கள்.

அவர் கடிதத்தை எதிரில் வைத்துக்கொள்ளுங்கள்

தொண்ணூறுகளில் ஒருமுறை, நான் வேலை பார்த்த தோல் டேனரியில் வருஷக்கணக்கு முடிக்கும் நேரம். அவசரமாக நான்கு பக்கம் எழுதினேன், எல்லாம் என் கதை. பத்து நாளில் ஒரு கார்டு வந்தது. அதில் இருந்தது இவ்வளவுதான்: "மூணு விஷயம் கேட்டிருந்தேன். ஒண்ணுக்கும் பதிலில்லை. என் கடிதத்தை எதிர்ல வெச்சிக்கினு எழுது." கார்டு என்பதால் தபால்காரரும் படித்திருந்தார். கொடுக்கும்போது சிரித்தார்.

அன்றிலிருந்து அப்படித்தான். அவன் கடிதத்தைப் பிரித்து இடதுபக்கம் வைப்பேன். கேள்வி உள்ள இடத்தில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி. முதலில் அவற்றுக்குப் பதில், அப்புறம் என் கதை. அவன் மகளுக்குப் பரீட்சை என்று எழுதியிருந்தால், எந்தப் பரீட்சை, என்ன ஆச்சு என்று கேட்பேன். கடைசியில் நானும் ஒரு கேள்வி வைப்பேன். ஒரே ஒரு நல்ல கேள்வி, ஆம் இல்லை என்று முடிந்துவிடாத கேள்வி. பதில் வருவதும் வராததும் பெரும்பாலும் அந்தக் கேள்வியைப் பொறுத்தது.

கடினமான கடிதங்கள்

சாவு. நண்பர் வீட்டில் ஒருவர் இறந்துபோனால் போகத்தான் வேண்டும், குறைந்தது போனாவது செய்ய வேண்டும். கடிதம் அதற்கு மாற்று ஆகாது. ஆனால் காரியம் முடிந்து, வந்தவர்கள் எல்லாம் போய், வீடு வெறிச்சோடிக் கிடக்கும் பதினைந்தாவது இருபதாவது நாளில் வருகிற கடிதம் இருக்கிறதே, அது வேறு. அதில் ஆறுதல் சொல்ல முயலாதீர்கள். 'காலம் ஆற்றும்', 'விதி' இதெல்லாம் எல்லாரும் சொல்லியிருப்பார்கள். இறந்தவரைப் பற்றி உங்களுக்கு மட்டும் தெரிந்த ஒன்றை எழுதுங்கள். எங்கள் நைனா போனபோது அவன் எழுதினான்: "எனக்கு சைக்கிள் பஞ்சர் ஒட்டக் கத்துக் குடுத்தது உங்க நைனாதான். சொல்யூஷனைத் தடவிட்டு உடனே ஒட்டாத, காயட்டும்னு கையைப் புடிச்சி நிறுத்துவார்." எனக்கு அது தெரியாது. நைனா போன பிறகு அவரைப் பற்றி எனக்குப் புதிதாகத் தெரிய வந்தது அது ஒன்றுதான்.

சாவுச் செய்தி வந்த கார்டைப் படித்ததும் கிழித்துப் போடுவது அந்தக் காலத்து வழக்கம், வீட்டில் வைக்கக் கூடாது என்பார்கள். துக்கம் கேட்டு வரும் கடிதம் அந்தக் கணக்கில் வராது. வைத்துக்கொள்ளலாம்.

கோபம். ராத்திரி எழுதிய கோபக் கடிதத்தை ராத்திரியே ஒட்டாதீர்கள். காலையில் காபி குடித்துவிட்டுப் படித்துப் பாருங்கள். பெட்டியில் போட்டால் போட்டதுதான், திரும்ப எடுத்து அழிக்க முடியாது. அதோடு, போனில் திட்டியதை ஆள் மறந்துவிடுவான், தாளில் இருப்பது தாளில் இருக்கும்.

கடன் கேட்பது. முதல் பத்தியிலேயே கேட்டுவிடுங்கள். இரண்டு பக்கம் குசலம் விசாரித்துவிட்டுக் கடைசியில் பணம் கேட்டால், அந்தக் குசலமும் பொய்யாகிவிடும்.

முடிப்பது

'மற்றவை நேரில்' என்று எழுதி முடிப்பது பழைய வழக்கம். நேரில் பார்க்கப் போவதே இல்லை என்று தெரிந்தும் எழுதுவோம். எனக்கு அந்தச் சொல் பிடிக்கும். எது முடிவு என்று தேடிக்கொண்டிருக்காதீர்கள். சொல்ல வந்தது தீர்ந்ததும் வீட்டில் உள்ளவர்களைப் பெயர் சொல்லி விசாரித்து, 'இப்படிக்கு' போட்டுக் கையெழுத்திடுங்கள். பி.கு. எழுத ஓரத்தில் கொஞ்சம் இடம் விடுங்கள். கடிதத்திலேயே நல்ல வரி பெரும்பாலும் அங்கேதான் வரும்.

முகவரி எழுதுவதும் போடுவதும்

இது தெரியாமல்தான் இன்றைக்குப் பாதிக் கடிதம் எழுதப்படாமலே நிற்கிறது.

கவரின் முன்பக்கம், நடுவிலிருந்து வலதுபக்கமாகப் பெறுநர் முகவரி. பெயர், கதவு எண், தெரு, ஊர், மாவட்டம், கடைசியில் பின்கோடு. புதிய எண், பழைய எண் இரண்டும் இருந்தால் இரண்டையும் எழுதுங்கள். வலது மேல் மூலை ஸ்டாம்புக்கு. இடது கீழேயோ பின்பக்கமோ உங்கள் முகவரி. அனுப்புநர் முகவரி இல்லாத கடிதம் ஆள் இல்லை என்றால் உங்களிடம் திரும்பி வராது.

பின்கோடைச் சரியாக எழுதுங்கள். 1972 ஆகஸ்ட் 15-இல் அது வந்ததற்குக் காரணமே ஒரே பெயரில் பல ஊர் இருந்ததுதான். நமக்கே எடுத்துக்கொள்ளுங்கள், காந்தி நகர் என்றால் காட்பாடியிலும் உண்டு, சென்னை அடையாறிலும் உண்டு. சைதாப்பேட்டை வேலூரிலும் உண்டு, சென்னையிலும் உண்டு. 632006 என்று எழுதிவிட்டால் காட்பாடி காந்தி நகர் என்று குழப்பமே இல்லை. முதல் எண் 6 என்றால் தமிழ்நாடு, கேரளம் அடங்கிய மண்டலம். முதல் மூன்று எண்ணும் சேர்ந்து தபாலைப் பிரிக்கும் மாவட்டத்தைச் சொல்லும், கடைசி மூன்று எண் எந்தத் தபால் ஆபீஸ் என்று சொல்லும்.

இதில் ஒரு வேடிக்கை. தபால்காரர்களின் மாவட்டமும் கலெக்டரின் மாவட்டமும் ஒன்றில்லை. வேலூர், ராணிப்பேட்டை, குடியாத்தம் எல்லாம் 632. ஆம்பூரும் வாணியம்பாடியும் 635. பேரணாம்பட்டு வேலூர் மாவட்டம்தான், ஆனால் பின்கோடு 635-இல் தொடங்கும். வடஆர்க்காட்டை 1989-இல் பிரித்தார்கள், 2019-இல் வேலூரை மூன்றாகப் பிரித்தார்கள், பின்கோடு அப்படியே இருக்கிறது. அதனால் வாலாஜாவில் இருக்கும் உங்கள் நண்பருக்கு மாவட்டம் வேலூர் என்று பழக்கதோஷத்தில் எழுதிவிட்டாலும் பின்கோடு சரியாக இருந்தால் போய்விடும்.

தமிழ்நாட்டுக்குள் முகவரியைத் தமிழில் எழுதலாம், கூச்சமே வேண்டாம். வெளி மாநிலம் என்றால் ஊர்ப் பெயரையாவது ஆங்கிலத்தில் எழுதிவிடுங்கள். சித்தூருக்கு எழுதும்போது இது நினைவிருக்கட்டும். 1911 வரைக்கும் வடஆர்க்காட்டுக்குத் தலைநகர் அதுதான், இன்றும் வேலூரிலிருந்து ஒரு மணி நேரத்தில் போய்விடலாம், ஆனால் பின்கோடு 517.

கவரைப் பசையால் ஒட்டுங்கள். ஸ்டாப்ளர் பின் அடிக்காதீர்கள், தபால் பிரிக்கிறவர் விரலில் குத்தும். ஸ்டாம்ப், இன்லேண்டு எல்லாம் தபால் ஆபீஸில் வாங்கும்போது ஒன்றாக வாங்காமல் பத்தாக வாங்கி வையுங்கள். எழுதத் தோன்றும் ராத்திரி கவுண்டர் திறந்திருக்காது.

எந்தப் பெட்டியில் போடுவது? தெருமுனைப் பெட்டியில் தபால் எடுக்கும் நேரம் எழுதியிருக்கும், பார்த்துப் போடுங்கள். செடி முளைத்த பெட்டி, துருப்பிடித்துச் சாய்ந்த பெட்டி என்றால் சந்தேகப்படுங்கள். தபால் ஆபீஸ் வாசலில் இருக்கும் பெட்டி எப்போதும் நிச்சயம். என் அனுபவத்தில் சென்னைக்கு இரண்டு மூன்று நாள், பூனாவுக்கு ஐந்திலிருந்து ஒரு வாரம். போய்ச் சேர்ந்ததா என்று தெரிந்தே ஆக வேண்டும் என்றால் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பலாம். பதிவுத் தபால் என்று தனியாக இருந்தது 2025-இல் அதோடு சேர்ந்துவிட்டது. ஆனால் நண்பருக்கு எழுதும் கடிதத்தை மணிக்கொரு தடவை போனில் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. போட்டுவிட்டு மறந்துவிட வேண்டும்.

பதில் வராவிட்டால்

ஒரு மாதம் பொறுங்கள். அப்புறம் போனில் பேசும்போது 'லெட்டர் வந்துச்சா' என்று மட்டும் கேளுங்கள், 'ஏன் பதில் போடலை' என்று கேட்காதீர்கள். இரண்டாவதாக ஒரு கார்டு போடலாம். அதற்கும் இல்லை என்றால் அவருக்கு எழுத வராது என்று எடுத்துக்கொள்ளுங்கள். சிலருக்கு வாங்கப் பிடிக்கும், எழுத வராது. அப்படி ஒருவருக்கு நான் வருஷத்துக்கு ஒன்று, பொங்கலை ஒட்டி, இப்போதும் எழுதுகிறேன். ஒருநாள் ஆம்பூர் ஸ்டேஷனில் எதிரே வந்தார், என் கடைசிக் கடிதத்திலிருந்து இரண்டு வரியை அப்படியே சொன்னார்.

வைத்துக்கொள்வது

முன்பெல்லாம் வீட்டு உத்தரத்தில் வளைந்த கம்பி ஒன்று தொங்கும். வந்த கடிதத்தை எல்லாம் அதில் குத்தி வைப்பார்கள். மின்சார பில், கோர்ட்டு நோட்டீஸ், அத்தையின் கடிதம் எல்லாம் ஒரே கம்பியில். நடுவில் ஓட்டை விழுந்து, அந்த இடத்துச் சொல் மட்டும் எப்போதும் போயிருக்கும்.

குத்த வேண்டாம். கவரோடு வையுங்கள், தபால் முத்திரையில் தேதி இருக்கும். குண்டூசி, கிளிப்பை எடுத்துவிடுங்கள், துருக்கறை தாளைத் தின்றுவிடும். ரப்பர் பேண்டும் வேண்டாம், நம் வெயிலில் உருகித் தாளோடு ஒட்டிக்கொள்ளும். வருஷ வாரியாகப் பருத்தி நூலால் கட்டித் தகரப் பெட்டியில் வைத்து, வசம்புத் துண்டு நாலைந்து போடுங்கள். காய்ந்த வேப்பிலையும் போடலாம், வருஷா வருஷம் மாற்ற வேண்டும். பெட்டி தரையில் இருக்கக் கூடாது, சுவரையும் ஒட்டி இருக்கக் கூடாது. கரையான் அந்த வழியாகத்தான் வரும். ஆடிக்கு முன்னால் ஒருநாள் எடுத்து நிழலில் காயவைத்தால் போதும், வெயிலில் போட்டால் எழுத்து மங்கிவிடும். எடுத்த அன்று சமையல் தாமதமாகும், படிக்க உட்கார்ந்துவிடுவீர்கள்.

கடைசியாக, உங்களுக்குப் பின்னால் இந்தக் கடிதங்கள் யாருக்கு என்று எழுதி வையுங்கள். பிள்ளைகளுக்கு அது பழைய பேப்பர். எழுதியவருக்கோ அவர் வீட்டாருக்கோ திரும்பப் போவதுதான் நியாயம் என்று நானும் அவனும் பேசி வைத்திருக்கிறோம். என் பெட்டி மூடியின் உள்பக்கம் அவன் முகவரியை எழுதி ஒட்டியிருக்கிறேன். போன வருஷம் அவன் வீடு மாறிவிட்டான். ஏணி போட்டு ஏறி அதை மாற்ற வேண்டும், இந்த ஞாயிற்றுக்கிழமையாவது.